நாங்களா, நாமா?

ஜூன் 3, 2025, செவ்வாய்

அமெரிக்கக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் 1959இல் வெளியிட்ட ‘வீ ரியல் கூல்’ என்னும் எட்டு வரி ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்க உட்கார்ந்து மூன்று இரவுகள் கழிந்துவிட்டன. சிகாகோவில் பள்ளி நேரத்தில் பூல் என்னும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பையன்களைக் கண்டபோது, இவர்கள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்காமல், தங்களைப் பற்றி இவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தம்மையே கேட்டுக்கொண்டதிலிருந்து இக்கவிதை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஏழு பேர். சொற்கள் அனைத்தும் ஓரசைச் சொற்கள். ‘வீ’ என்னும் தன்மைப் பன்மைச் சொல் ஏழு வரிகளின் இறுதியில் தொங்குகிறது. அதை மெல்லிய குரலில், ஏறக்குறைய மூச்சாகவே உச்சரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வீறாப்பாகப் பேசும் அந்தப் பையன்களுக்குத் தாங்கள் இருக்கிறோமா என்பதிலேயே உறுதியில்லை என்பதை அந்த மென்மைதான் காட்டிக்கொடுக்கிறது.

என் தடையும் அந்தச் சொல்தான். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் உள்ளே வந்துவிடுகிறார்.

ஜூன் 5, வியாழன்

இன்று கறுப்பினக் கவிஞர் டட்லி ராண்டாலைப் படித்தேன். டெட்ராய்டில் நூலகராக இருந்த அவர் 1965இல் பிராட்சைட் பிரஸ் பதிப்பகத்தைத் தொடங்கி, கவிதைகளை ஒற்றைத் தாள்களாக அச்சிட்டார். முதல் தாள் அவருடைய கதைப்பாடல்: கறுப்பின விடுதலைப் பேரணிக்குப் போனால் ஆபத்து என்று அஞ்சிய தாய், மகளைத் தேவாலயத்துக்கு அனுப்புகிறாள், குண்டு அங்கேதான் வெடிக்கிறது. 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்ட நிகழ்வே அதன் கரு. இடிபாடுகளுக்கிடையே மகளின் காலணி ஒன்று மட்டும் தாயின் கைக்குக் கிடைக்கும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

புரூக்ஸின் எட்டு வரிகளும் 1966இல் அப்படியொரு தாளாக வந்தன. 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். நியூயார்க்கின் பெரிய பதிப்பகத்தில் நிலைத்த இடமிருந்தும், 1969இல் தம் புதிய நூலை இந்தச் சிறு பதிப்பகத்திடம் ஒப்படைத்தார். யார் கையில் தம் சொல் சேர வேண்டும் என்பதில் அவருக்கிருந்த தெளிவு என்னை வணங்க வைக்கிறது.

ஜூன் 7, சனி

இன்று புரூக்ஸின் பிறந்தநாள் (1917). ஐம்பதை நெருங்கும் வயதில், நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் இளங்கவிஞர்களைக் கேட்டுத் திரும்பியவர், சிகாகோவின் தெருக்கூட்டத்து இளைஞர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். மதுக்கூடத்துக்குள் சென்று, குடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே கவிதை வாசித்தவர்களில் அவரும் ஒருவர். தொலைவிலிருந்து பார்த்த அந்தப் பையன்களின் ‘நாங்கள்’, அங்கே கேட்டவர்களின் வாயில் ‘நாம்’ ஆகியிருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆகவே இரண்டையும் விட்டுவிட்டேன். ‘பள்ளியை விட்டோம்’ என்றாலே போதும். இறுதியில் நிற்கும் ‘ஓம்’ இரண்டு பன்மைக்கும் பொது, மெல்லச் சொல்லவும் இடம் தருகிறது. சிக்கல் கடைசி வரியில் வந்தது. மூலத்தில் அந்த ஒரு வரியின் முடிவில் மட்டும் ‘வீ’ கிடையாது. ஏழு பேரும் அங்கே இல்லாமல் போய்விடுகிறார்கள். ‘சாவோம்’ என்று எழுதினால் அவர்கள் மீண்டும் வந்து நின்றுவிடுவார்கள். நெடுநேரம் யோசித்து, ‘விரைவில் சாவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.