புல்வெளியோடு திரும்பாதீர்கள்: ஊட்டி நாட்குறிப்பு

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது சீசன் களைகட்டிவிட்டது. தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி மாளிகையை எட்டிப் பார்த்து, பூத்தொட்டிகளோடு படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். தொட்டபெட்டா சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் 55 ஏக்கர் தோட்டம் இது. எவ்வளவோ தூரத்திலிருந்து வந்தும் இதில் பாதியைக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்று மனம் ஆறவில்லை. கூட்டமில்லாத நாளில் போவோம் என்றாள் அக்கா.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் நல்ல பனிமூட்டம். நேராகக் கல்மரத்திடம் போனோம். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்தது. வயது 2 கோடி ஆண்டு. “இது மரமா, கல்லா?” என்றாள் அக்கா. மரமாக இருந்து கல்லானது. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊற, நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே படிந்து இறுகிவிட்டது. மரம் போய்விட்டது, அதன் வரி போகவில்லை. குனிந்து பார்த்தால், நேற்று அறுத்த கட்டையைப் போல இழையோட்டம் நீளவாக்கில் ஓடுகிறது. நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

பிறகு ஏற்றம். சிலி நாட்டு மங்கி பஸில் மரத்தின் கிளை முழுவதும் செதில் செதிலாக, முள் போலக் கூரான இலைகள்; குரங்குகூட ஏறத் தயங்கும் என்பதால் வந்த பெயர். இங்கே அயல்நாட்டு மரங்களை ஊன்றி, 1848இல் இந்தத் தோட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர். மலேரியா மருந்துக்கான சின்கோனாவை நீலகிரியில் பயிராக்கியவரும் அவரே. நம் ஊர்க்காரர்கள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உச்சியில் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வீடு. தவழ்ந்துதான் நுழைய முடியும், வாசல் அவ்வளவு சிறியது. பூங்கா வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்கள் தோடர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு ஈடு இல்லை. அக்கா ஒரு சால்வை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, புல்வெளியைச் சுற்றிவிட்டு பஸ் ஏறினார்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: கல்மரத்தின் முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளை நிறுத்துங்கள். திருவக்கரை எங்கே இருக்கிறது என்று வகுப்பில் வரைபடத்தில் காட்டுங்கள். கால் வலிக்காதவர்களை மந்து வரை கூட்டிப்போங்கள்.