எழுபது வளைவுகளும் அப்பாவும்

அப்பா 31 வருடம் லாரி ஓட்டியவர். வேறு யார் ஓட்டினாலும் வண்டியில் கண்ணை மூடமாட்டார். போன மாசியில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சேலத்திலிருந்து கொல்லிமலைக்கு நான் காரை எடுத்தேன்.

காரவள்ளியில் தொடங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். "ஏறி வர்றவனுக்குத்தான் வழி, சாமி. எறங்கறவன் நிக்கோணும்" என்று முதல் வளைவிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவர் விரல் கதவில் லேசாகத் தட்டும், நான் ஹாரன் அடிப்பேன்.

மேலே ஊர்ப் பெயர்களே தனி அழகு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று பல ஊர்கள் இங்கே 'நாடு'தான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்தது. ஓரத்தில் கருத்துச் சுருங்கியவை, நடுவில் அன்று உதிர்த்த பச்சை. "கடிச்சுப் பாருங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகத் தொண்டை வரை ஏறியது காரம். அரைக் கிலோ வாங்கிக்கொண்டோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு அறப்பளீஸ்வரர் கோயில் வரை போனோம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள். அப்பாவின் முட்டிக்கு ஆகாது, திரும்பிவிட்டோம்.

இறக்கத்தில்தான் அப்பா மறுபடி பேசினார். "ஏறுன கியர்லயே எறங்கு. பிரேக்கு நிறுத்தறதுக்கு, புடிச்சுக்கிட்டே வர்றதுக்கில்லை." வழியில் ஒரு வேன், பிரேக் கருகிய வாடையோடு ஓரங்கட்டி நின்றது. காரவள்ளியில் அப்பா இறங்கி, முன்சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டார். எனக்கு அது போதும்.

சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். ஊர் நடுவே ஒரே பாறை, உச்சியில் கோட்டை. அந்தப் பாறையைக் குடைந்துதான் ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் அரங்கநாதர். 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைவித்தவை. நரசிம்மரைப் பார்த்தபடி 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரையில்லாமல். அப்பாவின் முதல் லாரிக்கு பாடி கட்டியது இந்த ஊரில்தான், பூஜை போட்டதும் இந்தச் சந்நிதியில்தான். வெகுநேரம் கை கூப்பியபடியே நின்றார்.

இருட்டிய பிறகு கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டும்போது ஏதோ கேட்கத் திரும்பினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.