எங்கள் பாட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்ட கதை

ஒரு தின்பண்ட நிறுவனத்துக்காக விளம்பர ஏஜென்சி ஒன்று எங்கள் பேண்டுக்கு மெயில் அனுப்பியிருந்தது. எங்கள் பழைய பாட்டின் பல்லவியை முப்பது விநாடி விளம்பரத்தில் போட வேண்டும், கூடவே எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இரண்டு ரீல்ஸ். பட்ஜெட் எங்களுக்குத் தாராளமாகவே பட்டது.

ஒப்பந்தம் வந்ததும்தான் விஷயம் புரிந்தது. பாட்டின் உரிமை "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" அவர்களுக்காம்! ஏ.ஆர். ரஹ்மான் 2002இல் ஏர்டெல்லுக்குப் போட்ட மெட்டைக் கேட்டால் கம்பெனிதானே ஞாபகம் வருகிறது? அது அதற்காகவே பிறந்த மெட்டு, சரி. எங்கள் பாட்டு நாங்கள் மேடையில் பாடிக்கொண்டிருப்பது. முறுக்குப் பாக்கெட்டோடு அதை ஆயுசுக்கும் கட்டிவைக்க மனம் வரவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவர் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டினார். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வருங்கால ஊடகங்களும் தானாகச் சேராது. 2012 திருத்தம் அதற்குத் தடை போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதியே இருந்தன. அதனால் நாங்கள் உரிமை மாற்றமே வேண்டாம், லைசென்ஸ், அதாவது பயன்படுத்த அனுமதி மட்டும், போதும் என்றோம்: ஓராண்டு, இந்தியா, டிவியும் இணையமும். நீட்டித்தால் தனிக் கட்டணம். ஏஜென்சிக்காரர் "எல்லாரும் இப்படித்தான் கையெழுத்துப் போடுறாங்க" என்று கொஞ்ச நாள் இழுத்தார், அப்புறம் சம்மதித்தார்.

இன்னொரு சிக்கல், பாட்டில் யார் யாருக்குப் பங்கு என்பது. மெட்டும் ரெக்கார்டிங்கும் எங்களுடையவை. வரிகள் பேண்டில் இல்லாத ஒரு தோழியுடையவை, அதனால் அவரும் கையெழுத்திட்டார், பங்கும் பெற்றார். "வேறு எந்த உணவுப் பொருளுக்கும் பாடக் கூடாது" என்ற நிபந்தனையை மிக்சர், முறுக்கு, சிப்ஸ் என்று சுருக்க வைத்தோம். இல்லையென்றால் காபித்தூள் கம்பெனி கூப்பிட்டாலும் போக முடியாது.

ரீல்ஸ் "இயல்பாக" இருக்கட்டும், விளம்பரம் என்று போட வேண்டாம் என்றார்கள். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த விதிப்படி அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், நாங்களும் லேபிள் போட்டுத்தான் வெளியிட்டோம். "வித்துட்டீங்களா" என்று சிலர் கேட்டார்கள். ஆமாம், ஓராண்டுக்கு.

பாதிப் பணம் முன்பணமாக வந்தது, பத்து சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக. அது 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டோம். மீதிக்குத்தான் இழுத்தடித்தார்கள். நல்லவேளை, பேண்டின் பெயரில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இருந்தது. குறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் கொடுக்கும் வரை அதைச் செலவாக வரிக்கணக்கில் காட்ட முடியாது என்று அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கே மெயில் போட்டோம். கெஞ்சலுக்கு அசையாதவர்கள் அதற்கு அசைந்தார்கள்.

லைசென்ஸ் முடிய இருந்த சமயத்தில் அவர்களே கூப்பிட்டு, தீபாவளி வரை நீட்டிக்கலாமா என்றார்கள். தோழியிடமும் கேட்டுவிட்டுப் புது விலை அனுப்பியிருக்கிறோம்.