ஆடியில் வாங்கிய காருக்கு ஐப்பசியில் வந்த ஆர்.சி.

ஆர்.சி. அட்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, நேற்றுத்தான் விரைவுத் தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கடன் கொடுத்த வங்கியின் பெயர் வரும் இடத்தைத்தான் முதலில் தேடினேன். காலியாக இருந்தது. அந்த ஒரு வரியை எடுக்க எனக்கு மூன்று சி.எல். (தற்செயல் விடுப்பு), ஒரு வீணான சனிக்கிழமை, எலி கடித்த வயருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆகியிருக்கிறது. பழைய கார் வாங்கப்போகிறவர் யாராவது இருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆத்திரம் தீரவும்தான்.

எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. மாதம் இருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ் படி ஏற முடியவில்லை. புது வண்டிக்குக் கையில் காசில்லை. ஆடியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள், பேரம் படியும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது.

முதலில் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. புரோக்கர் "டாக்டர் வண்டி டீச்சர், சிங்கிள் ஓனர், சென்னைல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடிச்சு" என்றார். (நான் பார்த்த ஐந்து வண்டிகளில் நான்கு டாக்டர் வண்டிகள். சென்னையில் மற்றவர்கள் எல்லாம் நடந்தே போகிறார்கள் போலிருக்கிறது.) பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசனை. என்னோடு வந்த மெக்கானிக் பாய் பானெட்டைத் தொடவே இல்லை. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், முழுதும் வெளியே வரும் வரைக்கும். கடைசி ஒரு சாண் பெல்ட் மட்டும் வேறு நிறம். விரலால் தேய்த்தார். காய்ந்த வண்டல், மாவு மாதிரி உதிர்ந்தது. அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார். அடியில் இருந்த குழியின் ஓரமெல்லாம் துரு. "தண்ணியில நின்ன வண்டிங்க டீச்சர். வாங்க போவோம்" என்றார். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் முங்கிக் கிடந்தன என்று நாம் டிவியில் பார்த்தோம். அவை எல்லாம் எங்காவது விற்றுத்தானே ஆகவேண்டும். சீட்டை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள். சுருண்டு உள்ளே கிடக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை.

ஐந்தாவதாகப் பார்த்ததுதான் இது. 2014 மாடல், பெட்ரோல், நாற்பத்தாறாயிரம் கிலோமீட்டர். கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவரின் வண்டி. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தோம். பாய் போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், குளிர்ச்சியாக இருந்தது. சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டி என்று சந்தேகப்படவேண்டுமாம். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். இல்லை. சர்வீஸ் பில்லில் இருந்த கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போயின. பெடல் ரப்பர் தேய்மானமும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது. இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்துக்கு முடித்தேன். பாயும் சபாஷ் போட்டார்.

இன்ஜினை ஒன்றரை மணி நேரம் பார்த்த நாங்கள் ஆர்.சி.யை ஒன்றரை நிமிஷம்தான் பார்த்தோம். அதில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கேட்டேன். "ஏம்மா, அந்தக் கடனெல்லாம் 2019-லயே முடிச்சாச்சு. சும்மா பேருதான் இருக்கு" என்றார் சார். சும்மா பேர்தான்! நானும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு நல்ல காரியம், தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டு ஒன்று போட்டுக்கொண்டோம். புரோக்கர் படிவங்களில் தேதியை விட்டுவிடச் சொன்னார். வேண்டாம் என்று தேதி போட்டேன்.

வங்கிக் கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் இருக்கும் பெயர் தானாகப் போகாது. வங்கி என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தரவேண்டும், படிவம் 35-இல் கையெழுத்தும் முத்திரையும் வைக்கவேண்டும், அதைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி. (வண்டியின் மேல் வங்கிக்கு இருக்கும் கடன் அடமானப் பதிவு) கேன்சல் செய்யவேண்டும். அதைச் செய்யாமல் வண்டி என் பெயருக்கு மாறாது. சார் 2019-இல் வாங்கிய என்.ஓ.சி. எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அது கிடைத்திருந்தாலும் பயனில்லை, அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், கடன் கொடுத்த வங்கியே இப்போது இல்லை. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைத்தார்களே, அதில் இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது.

லீவு போடவேண்டாமே என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிஷம். அந்தக் கேட்டை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை. கும்பகோணத்தில் போய் நின்றால் வங்கியில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. இரண்டாவது சனிக்கிழமை. எட்டாம் வகுப்புக்குக் காலண்டர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அடுத்த முறை சி.எல். போட்டுப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "இந்த நம்பர்ல லோனே இல்லையே" என்றார். அதுதானே வேண்டும், இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். பழைய வங்கியின் கடன் கணக்கு எண் வேண்டும், கடன் வாங்கியவர் நேரில் வரவேண்டும் என்றார். சாருக்குப் போன் செய்தேன். கால் வலி, பேரன் வந்திருக்கிறான், அடுத்த வாரம் பார்ப்போம் என்று இழுத்தார். பணம் வாங்கியாகிவிட்டது, அவருக்கு என்ன அவசரம். அங்கேதான் நான் விட்ட பிழை உறைத்தது. ஒரு இருபதாயிரத்தைப் பிடித்து வைத்திருந்தால் கால் வலி அவ்வளவு இருந்திருக்காது.

அப்போது பக்கத்து வீட்டு வக்கீல் அண்ணன் ஒரு வழி சொன்னார். சாருக்கு மறுபடி போன் செய்து, "சார், ஆர்.சி.ல இன்னும் உங்க பேருதான் இருக்கு. நாளைக்கு இந்த வண்டி யார் மேலயாவது மோதினா நஷ்டஈட்டுக் கேஸ் உங்க மேலதான் வரும். 2018-ல சுப்ரீம் கோர்ட்டே ஆர்.சி.ல பேர் இருக்கிறவர்தான் ஓனர்னு சொல்லிடுச்சாம்" என்றேன். மிரட்டல் இல்லை, நடப்பு அதுதான். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு வங்கி வாசலில் எனக்கு முன்னால் நின்றார். கூடவே அவர் வீட்டு அம்மா பரணில் இருந்த தகரப் பெட்டியில் தேடி எடுத்த பழைய பாஸ்புக். பூச்சி அரித்த அட்டை. உள்ளே மங்கிப்போன ஊதா மையில் மாதாமாதம் தவணை பிடித்த வரி, அந்த வரியில் கடன் கணக்கு எண். அதைக் கவுண்டரில் விரித்து வைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம், கார் வாங்கிய அன்றுகூட வரவில்லை. பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எவ்வளவு பழசானாலும்.

நான்கு நாளில் என்.ஓ.சி. வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். எழுத்தர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆர்.சி.ல இருக்கிற பேங்க் வேற. லெட்டர் கொடுத்த பேங்க் வேற."

"ரெண்டும் ஒண்ணாயிடுச்சு சார், 2020-ல."

"அது எனக்கும் தெரியும்மா. பேப்பர்ல எங்க இருக்கு?"

எரிச்சலாக இருந்தது. ஆனால் பேப்பரில் இல்லைதான். படிவம் 35-உம் இரண்டு பிரதி வேண்டும், வங்கியில் ஒன்றில் மட்டும் முத்திரை குத்தியிருந்தார்கள். அதை நான் அங்கேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வாசலில் ஒரு ஏஜென்ட், "நாலாயிரத்து ஐநூறு குடுங்க டீச்சர், நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றார். மனசு ஊசலாடியது உண்மை. ஆனால் வங்கி முத்திரையை அவராலும் கொண்டுவர முடியாது, அதற்கும் நான்தான் அலையவேண்டும் என்று தோன்றியதும் பஸ் ஏறிவிட்டேன். மறுபடி கேட், மறுபடி கும்பகோணம், மூன்றாவது சி.எல். இணைப்பு விவரம் ஒரு வரியாகச் சேர்த்த கடிதம், இரண்டு படிவத்திலும் முத்திரை, அதிகாரியின் பெயர், பதவி. இந்த முறை வங்கியை விட்டு நகராமல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது இன்னொரு பள்ளம். ஓ.டி.பி. வரவில்லை. ஜெராக்ஸ் கடையில் இருந்த பெண்தான் கண்டுபிடித்தது. "அக்கா, வண்டி புதுசா எடுத்தப்போ ஷோரூம்காரங்க அவங்க நம்பரைக் குடுத்திருப்பாங்க. அங்கதான் போவுது." அப்படித்தான் இருந்தது. சாரை வைத்து எண்ணை மாற்றினோம், சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டால் அது பெரிய வேலை இல்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவர் போனுக்கு ஓ.டி.பி. வருகிறதா என்று பாருங்கள். அபராத பாக்கி இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். எனக்கு அது இல்லை. தாமதக் கட்டணம் மட்டும் கட்டினேன்.

இதற்கிடையில் பேர் மாறாத வண்டியை வெளியே எடுக்க எனக்குப் பயம். கொட்டகையில் நின்றது. கொட்டகைக்குப் பக்கத்தில் குறுவை அறுவடை முடிந்த புது வைக்கோல் போர். ஒருநாள் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, இன்ஜின் முனகுகிறது. பாய் வந்து பானெட்டைத் தூக்கினார். பேட்டரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கூடு. வைக்கோல், நெல் உமி, என் அம்மாவின் பழைய புடவைக் கிழிசல், எல்லாம் பஞ்சு மாதிரி பின்னி வைத்திருந்தது. வயரின் மேல்தோல் ஒரு சாணுக்கு உரிந்து செம்பு தெரிந்தது. நெல் அறுத்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும் என்பது இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாதா என்ன. காரும் ஒரு வீடுதான் என்று தோன்றவில்லை. இப்போது புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதுதான் மருந்து என்கிறார் பாய். அவர் சொன்ன இன்னொன்று: ரோட்டில் நெல்லோ உளுந்தோ பரப்பியிருந்தால் அதன் மேல் ஏற்றவேண்டாம், வேறு வழியில்லாமல் ஏற்றினால் நிறுத்தி அடியில் குனிந்து பார்க்கவேண்டும். செடித் தாள் அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்ஸரில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

வயரோடு சேர்த்து ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாம் மாற்றினோம். பழைய ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள், அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கும். பெட்ரோல் டியூபும் புதிதாகப் போட்டார். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கு அது ஆகாது என்றார். வண்டி விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு தனியாக எடுத்து வையுங்கள்.

இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்கவேண்டும். விட்டால், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் பாலிசி பேசும், நம் வண்டிக்கு நேர்ந்ததற்குக் கைவிரித்துவிடுவார்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். சாருக்கு ஐம்பது சதவீதம் இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் கட்டினேன்.

2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டியே விலை இறங்கினால் பழையது என்ன ஆகும்? "ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமே டீச்சர்" என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அன்று எனக்குக் கொட்டகையில் எலி, ஆர்.டி.ஓ.வில் ஃபைல். பதில் சொல்லவில்லை.

நேற்று மாலை அம்மாவை உட்கார வைத்து முதல்முறையாகத் திருச்சி ரோடு வரைக்கும் போனோம். டோலில் கம்பம் தானாகத் தூக்கியது. அடடா என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் சார் போன். "என்னம்மா, திருச்சி போறீங்களா? என் அக்கவுண்ட்ல காசு போச்சே." கண்ணாடியில் அவருடைய ஃபாஸ்டாக் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஜிபே பண்ணிவிட்டேன். இந்த வாரம் அவரதை மூடி என் பேரில் புதிது வாங்கவேண்டும்.

அப்புறம் பின் டயர் இரண்டும். பக்கவாட்டில் 2218 என்று இருக்கிறது, 2018-இன் இருபத்திரண்டாவது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பர் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கிறது. அடைமழை பிடிப்பதற்குள் மாற்றியாகவேண்டும். சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன், எத்தனையாவது சனி என்று காலண்டரைப் பார்த்துவிட்டு.