யாருக்கும் சொல்லாமல் நிறுத்திய 11 மாத்திரைகள்

இடது மார்பில் கட்டியை எடுத்த இடத்தில் ஒரு பள்ளம். கீமோ, 25 நாள் ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆன பிறகும் தோல் விறைத்துப்போய் உள்வாங்கியே கிடந்தது. டெய்லரிடம் "இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கப் போனேன்.

வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே ஏற்றலாம் என்றார். எத்தனை நடந்தும் அசையாத தொப்பைக்கு இப்படி ஓர் உபயோகமா என்று சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான், "அதனால மறுபடி ஏதும் வந்துடாதே டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் மழுப்பவில்லை. 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கமே மார்பில் கொழுப்பு ஏற்றக் கூடாது என்றதாம். செத்த கொழுப்பு சுண்ணாம்பாகப் படிந்தால் மேமோகிராமில் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) புற்றுநோயோ என்று குழப்பும் என்ற பயம். 2009-ல்தான் அந்த நிலையை மாற்றிக்கொண்டார்கள்.

சர்ஜரிக்கு முன் சுகர், பிரஷர், அலர்ஜி எல்லாம் கேட்டார்கள். கட்டி திரும்பாமல் இருக்கத் தினமும் விழுங்கும் டாமாக்சிஃபென் மாத்திரை, 20 மில்லிகிராம், பற்றி யாரும் கேட்கவில்லை. ஃபைலில்தான் இருக்கிறதே என்று நானும் சொல்லவில்லை.

மெல்லிய குழாயால் உறிஞ்சிய கொழுப்பை மெஷினில் சுற்றினால் மேலே எண்ணெய், கீழே ரத்தநீர், நடுவில் மஞ்சளாகக் கொழுப்பு என்று பிரியுமாம். அந்த நடுப்பகுதியைத்தான் ஊசியில் துளித்துளியாக வைக்கிறார்கள். மொத்தமாகக் கொட்டினால் நடுவில் இருப்பது செத்துவிடும். நாற்றை இடைவெளி விட்டு நடுகிற கதைதான். ரத்தக்குழாய் வந்து சேரும்வரை ஒவ்வொரு துளியும் பக்கத்துத் திசுவிலிருந்து கசிவதை உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும். வயிறு முழுக்கக் கன்றிப்போய் இரண்டு வாரம் இறுக்கமான பெல்ட்டோடு படுத்திருந்தேன். மார்பைவிட வயிறுதான் வலித்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிட்டது. கொஞ்சம் கரையும், இரண்டு மூன்று தடவை தேவைப்படும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். ஏற்றிய கொழுப்புச் செல்களில் ஓரத்தில் இருப்பவை போக மற்றவை பெரும்பாலும் செத்துவிடுகின்றன. கூடவே வரும் ஸ்டெம் செல்கள் எனும் மூலச் செல்கள்தான் தாக்குப்பிடித்துப் புதுக் கொழுப்பை உண்டாக்குகின்றன என்று ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்துப் படித்ததுதான் வயிற்றைக் கலக்கியது. ஆய்வகத் தட்டில் வளர்த்த அதே ஸ்டெம் செல்கள்மேல் டாமாக்சிஃபென் விட்டால் அவை பெருகுவது குறைகிறது, சில சாகவும் செய்கின்றன. எனக்குக் கீமோவில் ஏற்றிய பாக்லிடாக்செலுக்கும் ஏறக்குறைய அதே குணம்.

என் மாத்திரையே என் மார்பைக் கரைக்கிறது என்று முடிவு கட்டினேன். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். 11 நாள்.

புற்றுநோய் டாக்டரம்மாவிடம் மாட்டிக்கொண்டது தற்செயல்தான். அட்டையில் மிச்சம் இருந்ததை எண்ணிவிட்டார். "டீச்சர்தானேம்மா நீ?" என்று ஆரம்பித்தவர், திட்டி முடித்துவிட்டுப் பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினார். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். அது உடைந்து உண்டாகும் பொருளுக்கு அதைப்போல இரு மடங்கு. ஆக, அந்த 11 நாளில் ஸ்டெம் செல்லுக்கு நான் செய்த உபகாரம் ஒன்றுமில்லை. தட்டில் விடும் அளவு பல ஆய்வுகளில் ரத்தத்தில் ஓடும் அளவைவிட மிக அதிகம் என்றார். "ஆனா இது கொழுப்புலதானே போய்ச் சேரும்னு போட்டிருக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேரும்தான். உன் பாதி கரைஞ்சதுக்கு மாத்திரை காரணமா, ரேடியேஷன் பட்ட தோலான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. கட்டி திரும்பாம இருக்க இந்த மாத்திரை வேணும்கிறதை மட்டும் சொல்ல முடியும்" என்றார். அந்தப் பதிலுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டாம் தடவைக்கு முன் என் எதிரிலேயே சர்ஜனுக்குப் போன் போட்டார். சர்ஜரியை ஒட்டி இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். ஸ்டெம் செல்லுக்காக இல்லை. டாமாக்சிஃபென் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் என்பதற்காக. எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பித்தாயிற்று. உங்கள் டாக்டர் நிறுத்தவே வேண்டாம் என்றும் சொல்லலாம். நீங்களாக மட்டும் கை வைக்காதீர்கள்.

இந்த முறை கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறது. ரேடியேஷனில் விறைத்த தோலும் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. நடுவில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி தட்டுப்பட, உயிரே போய்விட்டது. ஸ்கேனில் பார்த்தால் செத்த கொழுப்பு எண்ணெயாகி ஒரு பையில் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை வேண்டுமா என்று சர்ஜன் கேட்கிறார். தீபாவளி போகட்டும் என்றிருக்கிறேன்.