துப்பாக்கி வெளியே வருவதற்கு முன்

அமெரிக்கப் போலீஸ் பற்றிய சண்டை எப்போதும் வீடியோவின் கடைசி சில விநாடிகளை வைத்துத்தான் நடக்கிறது. சுட்டது சரியா, கையில் இருந்தது துப்பாக்கியா போனா என்று. பாரபட்சத்தைத் தேட வேண்டிய இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. சாலையில் போன அத்தனை கார்களில் இந்த ஒன்றின் பின்னால் மட்டும் ரோந்து வண்டியின் விளக்கு ஏன் சுழன்றது?

சட்டப்படி இதற்குப் பதில் மிகச் சுலபம். சாலை விதிகள் அவ்வளவு அடர்த்தியானவை. யாரையும் பத்து நிமிடம் பின்தொடர்ந்தால் ஏதாவது ஒன்று சிக்கும். பின் விளக்கு ஒன்று எரியாமல் இருக்கும், நம்பர் பிளேட்டை ஃப்ரேம் மறைத்திருக்கும், தடம் மாறும்போது சிக்னல் போட்டிருக்க மாட்டார். 1996-ல் ரென் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: விதி மீறல் ஒன்று உண்மையாக இருந்தால் போதும், போலீஸ்காரரின் மனதில் வேறு என்ன நோக்கம் இருந்தது என்று நான்காம் திருத்தத்தின் (நியாயமற்ற சோதனை, கைதிலிருந்து காக்கும் அரசியலமைப்புப் பிரிவு) கீழ் பார்க்க மாட்டோம். இனத்தை வைத்து நிறுத்தினார் என்றால், சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் சமப் பாதுகாப்புப் பிரிவின் கீழ் தனியாக வழக்குப் போடலாம். ஆனால் அங்கே பாரபட்சமான நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஒரே ஒரு நிறுத்தத்தை வைத்து அதை நிரூபிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

காரை நிறுத்திய பிறகு ஒவ்வொரு படியிலும் முடிவு போலீஸ்காரர் கையில். ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்ல 1977 முதல் தனிக் காரணம் தேவையில்லை. 1997 முதல் பயணிகளுக்கும் அப்படியே. காரைச் சோதிக்கலாமா என்று கேட்கலாம். மறுக்க உரிமை உண்டு என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. நீங்கள் இனி போகலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. பலர் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் நின்று தலையாட்டுவது இதனால்தான். உறுதியான எல்லை என்று ஒன்று 2015 ரோட்ரிகஸ் தீர்ப்பில் வந்தது: சாலை மீறல் வேலை முடிந்த பிறகு, தனியான சந்தேகக் காரணம் இல்லாமல், மோப்ப நாய்க்காக யாரையும் காக்க வைக்கக் கூடாது. அந்த வழக்கில் கூடுதலாகப் போனது ஏழெட்டு நிமிடம்தான். ஆகவே ஒரு நிறுத்தத்தின் வீடியோ கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது, வேலை எந்த நிமிடத்தில் முடிந்தது என்பதை. அபராதச் சீட்டு எழுதுவதையே இழுத்தடிப்பது பழைய தந்திரம். அதுவும் இந்தத் தீர்ப்புக்குள் அடங்கும்.

காரணத்தை எழுதும் இடம் இன்னொரு ஓட்டை. நியூயார்க் போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்தும்போது நிரப்பிய யூஎஃப்-250 படிவத்தில் நிறுத்தியதற்கான காரணங்கள் டிக் அடிக்கும் பெட்டிகளாக இருந்தன. 'திருட்டுத்தனமான அசைவு' ஒரு பெட்டி, 'குற்றம் அதிகமுள்ள பகுதி' இன்னொன்று. இரண்டையும் டிக் அடித்தால், அந்தப் பகுதியில் வசிக்கும் யாருக்கும் பொருந்தும் காரணம் தயார். 2011-ல் மட்டும் 6,85,724 நிறுத்தங்கள். இந்த நிறுத்தங்களை எதிர்த்து நியூயார்க் நகரத்தின் மேல் போடப்பட்ட ஃப்ளாய்டு வழக்கின் 2013 தீர்ப்பு 2004 முதல் 2012 நடுப்பகுதி வரையிலான 44 லட்சம் நிறுத்தங்களை அலசியது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆயுதம் இருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பார்த்தார்கள்; ஆயுதம் கிடைத்தது அதில் 1.5 சதவீதத்தில். நூற்றில் 98 தடவைக்கு மேல் தப்பாகப் போகும் சந்தேகத்தை 'நியாயமான சந்தேகம்' என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது.

பலப்பிரயோகத்துக்கான அளவுகோல் 1989 கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு. அதன் பின்கதை பலருக்குத் தெரியாது. வட கரோலினாவின் ஷார்லட்டில், 1984-ல், சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் எதிர்வினை (ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவது) தொடங்குகிறது. ஆரஞ்சு ஜூஸ் வாங்க நண்பரின் காரில் கடைக்குப் போகிறார். வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்து உடனே வெளியே ஓடி வருகிறார். அந்த வேகம் ஒரு போலீஸ்காரருக்குச் சந்தேகம் தருகிறது, கார் நிறுத்தப்படுகிறது. கைவிலங்கு போட்டு, முகத்தை கார் பானட்டில் அழுத்துகிறார்கள். குடிபோதை என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேறொரு நண்பர் ஜூஸ் கொண்டு வந்தும் கொடுக்க விடவில்லை. கடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று தகவல் வந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், உடைந்த பாதத்தோடு.

இந்த வழக்கில் கோர்ட் வகுத்த கேள்விகள் மூன்று: குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து இருந்ததா, எதிர்த்தாரா அல்லது தப்பி ஓட முயன்றாரா. மூன்றையும் அந்த இடத்தில் நிற்கும் நியாயமான போலீஸ்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னால் வந்த அறிவை வைத்துப் பார்க்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல், படத்தை எங்கிருந்து ஓட்டுவது என்பதில். டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபத்து எழுந்த கணத்தை மட்டும் பார்த்து வந்தது. 2016-ல் ஹூஸ்டன் அருகே, கட்டப்படாத டோல் பாக்கிக்காக ஒரு வாடகைக் கார் நிறுத்தப்பட்டது. கார் நகரத் தொடங்கியதும் அதிகாரி அதன் கதவுப் படியில் தாவி ஏறினார். இரண்டே விநாடியில் சுட்டார். ஓட்டுநர் இறந்தார். ஓடும் காரில் தொங்குகிறவருக்கு ஆபத்து இருந்ததா என்றால் ஆம் என்றுதான் பதில் வரும். ஏன் ஏறினார் என்ற கேள்வி அந்த இரண்டு விநாடிக்கு வெளியே போய்விடுகிறது. 2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபெலிக்ஸ் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அந்தக் குறுகிய பார்வையைத் தள்ளுபடி செய்து, முன்நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. ஆனால் அதிகாரியே வரவழைத்த ஆபத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு விடை சொல்லாமல் விட்டது.

இனி எண்கள். இங்கேதான் இரு தரப்பும் அதிகமாகச் சறுக்குகிறது. நிறுத்தப்பட்டவர்களின் விகிதத்தை ஊர் மக்கள்தொகையோடு ஒப்பிடுவது பலவீனமான வாதம். யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள், ரோந்து எங்கே அதிகம் என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். இதைவிட நல்லது 'இருள் திரை' சோதனை. மாலை 7 மணி கோடையில் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே 7 மணியில், வெளியிலிருந்து முகம் தெரியாத இருட்டில், நிறுத்தப்படும் கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் நிறம் ஒரு காரணமாக இருந்தது என்று பொருள். ஸ்டான்ஃபோர்டு குழு சுமார் 9.5 கோடி நிறுத்தங்களை வைத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பங்கு குறையத்தான் செய்தது. தெருவிளக்கு பளிச்சென்று எரியும் ஊர்களில் இந்தச் சோதனை மழுங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொறி, வகுக்கும் எண். நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் மேல் பலம் பிரயோகிக்கப்பட்டது என்று கணக்குப் போட்டால் சில சமயம் இன வேறுபாடே தெரியாது. காரணமில்லாமல் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அமைதியாகப் போய்விடுவார்கள். அவர்கள் வகுக்கும் எண்ணில் சேரச் சேர, விகிதம் தானாக இறங்கும். நிறுத்துவதில் இருந்த பாரபட்சம், சுடுவதில் பாரபட்சம் இல்லை என்று காட்ட உதவுகிறது! நாக்ஸ், லோ, முமோலோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2020-ல் இதைக் கணித ரீதியாக எழுதிக் காட்டினார்கள்.

பாடி கேமரா இதையெல்லாம் தீர்க்கும் என்ற நம்பிக்கை 2017-லேயே ஆட்டம் கண்டது. வாஷிங்டன் டி.சி.யில் 2,224 அதிகாரிகளை வைத்து நடந்த சோதனையில், கேமரா மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் பலப்பிரயோகத்தில் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. காரை நிறுத்தலாமா என்ற முடிவை எந்தக் கேமராவும் படம் பிடிப்பதில்லை.

பலன் தரக்கூடிய மாற்றம், அந்த முடிவையே சுருக்குவதுதான் என்று நினைக்கிறேன். வர்ஜீனியாவில் 2021 மார்ச் முதல், எரியாத விளக்கு போன்ற சில மீறல்களுக்காக மட்டும் காரை நிறுத்த முடியாது. ஃபிலடெல்ஃபியா 2022-ல் எட்டு சிறு மீறல்களை அப்படி ஒதுக்கியது. கலிஃபோர்னியாவில் 2024 முதல், வேறு கேள்வி கேட்கும் முன் நிறுத்தியதற்கான காரணத்தை அதிகாரி சொல்ல வேண்டும். அவசர ஆபத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே அறிக்கையில் ஓட்டுநரின் இனத்தை அவரிடம் கேட்காமல், அதிகாரிக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே பதிய வேண்டும். சரியான விதி, பாரபட்சம் வேலை செய்வது அந்தத் தோற்றத்தை வைத்துத்தான்.

உங்கள் ஊர் போலீஸிடம் பொதுப்பதிவுச் சட்டப்படி தரவு கேட்டால், அபராதச் சீட்டுகளை மட்டும் கேட்காதீர்கள். வாய்மொழி எச்சரிக்கையோடு விட்டவை, ஒன்றுமே கிடைக்காத சோதனைகள், ஒவ்வொரு நிறுத்தமும் தொடங்கிய, முடிந்த நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். சோதனை சம்மதத்தின் பேரில் நடந்ததா என்ற பத்தியையும் விடாதீர்கள். அது காலியாக வந்தால், பதிவே வைக்கவில்லையா அல்லது தர மறுக்கிறார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.