அம்மம்மா வீடா, சிறுவர் இல்லமா?

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையை அம்மம்மாவுடன் விடுவதா, சிறுவர் இல்லத்தில் சேர்ப்பதா என்று அண்மையில் ஒரு விசாரணை நடந்தது. பிள்ளை யாரென்று தெரியக் கூடாது என்பதால் சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் எப்போதோ விட்டுப் போய்விட்டார். திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில், அம்மம்மா கருவாடு விற்று அவளை வளர்க்கிறார்.

அயலில் பலரும் சொன்னது ஒன்றுதான்: "இல்லத்தில விட்டா மூண்டு நேரமும் சாப்பாடு, கட்டில், டியூசன். கிழவியிட்ட என்ன கிடக்கு?" பிள்ளை மீதுள்ள இரக்கத்தில்தான் சொன்னார்கள். ஆனால் எந்த வீட்டில் வசதி கூட என்று பார்த்துப் பிள்ளையை இடம் மாற்றச் சட்டம் சொல்லவில்லை.

ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையைப் பற்றிய எந்த முடிவிலும் அதன் நலனே முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 3 ஆம் உறுப்புரை. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டத்திலும் இது உண்டு. ஆட்களைக் கைது செய்யும் செய்திகளில்தான் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டிருப்போம். பிள்ளைகளுக்காகவும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது.

சரி, நலனை எப்படித் தீர்மானிப்பது? பிள்ளையின் கருத்து, அடையாளம், குடும்ப உறவு, பாதுகாப்பு, உடல்நலம், படிப்பு எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் நிலைமையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2013 இல் தந்த விளக்கம். வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009 இன் ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் சொல்கின்றன.

பிள்ளையின் நிலைமையை விசாரிக்கும் அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த அன்று, அம்மம்மா கேட்டதற்காக நானும் போயிருந்தேன். உத்தியோகத்தர் தகரத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளை இரவில் எங்கே, யாருக்குப் பக்கத்தில் படுக்கிறாள், கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார், யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிளினிக் கொப்பியைப் புரட்டினார். பிறகு பிள்ளையைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் கதைத்தார். திரும்பி வந்ததும் அவள் என்னிடம், "ரீச்சர், அம்மம்மாவுக்கு இரவில கண் தெரியாது. நான்தான் நுளம்புத்திரி கொளுத்திறனான். நான் போனா ஆர் கொளுத்திறது?" என்றாள்.

அவள் விருப்பம் அது என்பதற்காக மட்டும் முடிவெடுக்க முடியாது. அடிக்கிற ஆளையே விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழும் பிள்ளைகளும் உண்டு. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை சொல்வது, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி அவள் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று. அம்மம்மாவின் கண் பார்வை உண்மையான கவலைதான். உத்தியோகத்தர் அதையும் மறைக்காமல் எழுதினார்.

1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளையை உறவினரான தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கவும், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கவும் அதன் கீழ் நீதவானால் முடியும். இரண்டு வீடு தள்ளியிருக்கும் சின்னம்மா பொறுப்பெடுக்க ஒப்புக்கொண்டார். மேற்பார்வையோடு பிள்ளை அவரிடம் ஒப்படைக்கப்பட்டாள். இரவில் மூவரும் சின்னம்மா வீட்டில்தான் படுக்கிறார்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான விசாரணைக்குப் பாடசாலை அறிக்கை கேட்டால் "வறிய குடும்பம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வரவு எப்படி, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், பிள்ளை பசியோடு வருகிறாளா, உடம்பில் காயம் கண்டீர்களா என்று, பார்த்ததைத் திகதியோடு எழுதிக் கொடுங்கள். காயம் கண்டால் அறிக்கை கேட்கும்வரை இருக்க வேண்டாம். உடனே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.